வகுப்பறைக்குத் திரை வாங்கப் போகிறீர்களா? அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் திரை, மடிக்கணினி, ஒலிபெருக்கி என்று ஒரு வகுப்பறையைத் தயார் செய்ய அலைந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றியப் பள்ளியிலோ அரசுப் பள்ளியிலோ புதிதாகச் சேர்ந்து, "நம்ம வகுப்புக்கும் ஒரு ஸ்மார்ட் டிவி இருந்தால் நன்றாக இருக்குமே" என்று நினைக்கும் ஆசிரியர்களுக்கானது. கருவி வாங்குவது இதில் சின்ன வேலை. அது பாடத்துக்கு உதவும்படி செய்வதும், இரண்டாம் ஆண்டிலும் ஓடும்படி பார்த்துக்கொள்வதும்தான் பெரிய வேலை. வரிசை மாறினால் செலவு கூடும். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. முதலில் பாடப் பட்டியல் போடுங்கள்

கடைக்குப் போகும் முன் நீங்கள் எடுக்கும் பாடப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரே கேள்வி: இதைக் கரும்பலகையில் வரைந்தோ, பிள்ளைகள் கையில் பொருளைக் கொடுத்தோ காட்ட முடியுமா? முடியும் என்றால் அந்தப் பாடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். பள்ளி வாசலில் வேப்பமரம் நிற்கும்போது இலை நரம்பமைப்பைத் திரையில் காட்டுவதில் அர்த்தம் இல்லை.

எஞ்சுவது கொஞ்சம்தான். செல்லின் உள்ளமைப்பு, இதயத்தில் ரத்தம் போகும் வழி, எரிமலை, நிலநடுக்கம், மின்சுற்றுக்குள் நடப்பது, நம் ஊரின் செயற்கைக்கோள் படம், ஆங்கிலச் சொற்களின் உச்சரிப்பு. கண்ணுக்கு எட்டாதது, கைக்கு எட்டாதது, அசைந்தால் மட்டும் புரிவது என்று மூன்று வகைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு பருவத்துக்கு ஒரு பாடத்தில் ஏழெட்டு இடம் தேறினாலே அதிகம்.

இந்தப் பட்டியலைத் தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். நன்கொடையாளரிடம் போகும்போது இதுதான் உங்கள் முதல் ஆவணம். "ஸ்மார்ட் கிளாஸ் வேண்டும்" என்று கேட்பவருக்கும், "ஆறாம் வகுப்பு மின்னியலில் இந்த இடத்தில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள், அதற்கு இது வேண்டும்" என்று கேட்பவருக்கும் கிடைக்கும் மரியாதையே வேறு.

2. ஏற்கெனவே இருப்பதைத் தேடுங்கள்

பீரோவைத் திறந்து பாருங்கள். பழைய திட்டத்தில் வந்த புரொஜெக்டர் ரிமோட் இல்லாமல் கிடக்கும், மடிக்கணினி சார்ஜர் இல்லாமல் கிடக்கும். சில நூறு ரூபாயில் உயிர் பெறும் பொருட்கள் இவை. இருப்புப் பதிவேட்டையும் புரட்டுங்கள். பதிவேட்டில் இருந்து அறையில் இல்லாத பொருள் பற்றித் தலைமை ஆசிரியரிடம் இப்போதே பேசிவிடுவது நல்லது. தணிக்கை வரும்போது பேசினால் சிக்கல்.

அடுத்து வட்டார வள மையம். தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறையும் நடுநிலைப் பள்ளிகளுக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகமும் அரசே கொடுத்து வருகிறது. உங்கள் பள்ளியின் பெயர் அடுத்த பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு நன்கொடை தேடுங்கள். இல்லையென்றால் ஒரே அறைக்கு இரண்டு திரை வந்து நிற்கும், ஒலிபெருக்கிக்குக் காசு இருக்காது.

3. அறையை அளந்து பாருங்கள்

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கடையில் 43 அங்குல டிவி பெரிதாகத் தெரியும். வகுப்பறைச் சுவரில் மாட்டினால் கடைசி வரிசைப் பிள்ளைக்கு எழுத்து எறும்பு ஊர்வது போலத்தான் இருக்கும்.

எளிய கணக்கு ஒன்று உண்டு. எழுத்து படிக்க வேண்டுமானால் கடைசிப் பிள்ளை உட்காரும் தூரம், திரையின் உயரத்தைப் போல ஆறு மடங்குக்குள் இருக்க வேண்டும். 43 அங்குல டிவியின் உயரம் சுமார் 53 சென்டிமீட்டர். ஆறு மடங்கு என்றால் 3.2 மீட்டர். 55 அங்குலத்துக்கு 4 மீட்டர் சொச்சம். 65 அங்குலத்துக்கு 4.9 மீட்டர். இருபதுக்கு இருபது அடி அறை என்றால் நீளம் 6 மீட்டர். ஆக 43 அங்குலம் அந்த அறைக்கு ஆகாது. பிள்ளைகளை முன்னால் தரையில் உட்கார வைத்தால் ஆகும். சிறு வகுப்புகளுக்கு அதுவே நல்லது, பாயை விரித்துவிட்டால் போதும்.

புரொஜெக்டர் ஒரு மீட்டர் உயரத்துக்குப் படம் போடும், கடைசி வரிசை வரை தெரியும். ஆனால் நம் அறைகளின் சன்னல்களுக்குத் திரைச்சீலை கிடையாது. பகல் வெளிச்சத்தில் தெரிய 3,000 முதல் 3,500 லூமன்ஸாவது (ஒளியின் அளவு) வேண்டும், அதிலும் தர முறைப்படி அளந்த 'ஆன்சி லூமன்ஸ்' என்று பெட்டியில் போட்டிருக்க வேண்டும். இணையக் கடைகளில் ஐயாயிரம், எட்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் குட்டி புரொஜெக்டர்களில் வெறும் 'லூமன்ஸ்' என்று பெரிய எண் போட்டிருப்பார்கள். அதை நம்ப வேண்டாம், இருட்டறைக்குத்தான் அது சரிவரும். '1080 சப்போர்ட்டட்' என்றாலும் அதே கதைதான். 'நேட்டிவ் ரெசல்யூஷன்', அதாவது கருவி உண்மையில் காட்டும் படத்துல்லியம், என்ன என்று கேளுங்கள். லேம்ப் வகையா, எல்.இ.டி. அல்லது லேசர் வகையா என்றும் கேளுங்கள். லேம்ப் சில ஆயிரம் மணி நேரத்தில் மங்கும், மாற்ற ஆயிரக்கணக்கில் ஆகும், அதற்கு யாரும் நன்கொடை தர மாட்டார்கள்.

தொட்டு எழுதும் பெரிய பேனல் எல்லாருக்கும் ஆசைதான். எட்டுப் பாடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் போட வேண்டுமா என்று முதல் பட்டியலை வைத்துக்கொண்டு யோசியுங்கள். என்னைக் கேட்டால் நல்ல டிவி, பக்கத்திலேயே நல்ல கரும்பலகை. எழுதுவதற்குச் சாக்பீஸ் எப்போதும் சார்ஜ் இறங்காமல் இருக்கும்.

4. மின்சாரத்தைச் சரிபாருங்கள்

எலக்ட்ரீஷியனை வரவழைத்து மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள்: அந்த அறையில் மூன்று முனை பிளக் பாயிண்ட் இருக்கிறதா, எர்த் வேலை செய்கிறதா, பள்ளியின் மின் இணைப்பு இந்தக் கூடுதல் பளுவைத் தாங்குமா. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்து அளந்தால் மூன்று வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். கூடுதலாகக் காட்டினால் எர்த் குழியைச் சரிசெய்யாமல் எதையும் சொருக வேண்டாம்.

ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் கட்டடப் பராமரிப்பு ஒன்றியத்தின் பொறுப்பு. வயரிங் வேலைக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26, மே 1 கிராம சபைகளில் பெற்றோரைக் கொண்டு கோரிக்கையாகப் பதிய வைத்தால் இன்னும் வலு. நாம் கேட்பதைவிட ஒரு அம்மா எழுந்து கேட்டால் காரியம் சீக்கிரம் நடக்கும்.

அடிக்கடி கரண்ட் போகும் ஊர் என்றால் இன்வெர்ட்டர் தேவை. டிவி, மடிக்கணினி, ஒலிபெருக்கி சேர்ந்தாலும் 170 வாட்டைப் பெரிதாகத் தாண்டாது, 150 ஏ.எச். பேட்டரி புதிதாக இருக்கும்போது ஐந்தாறு மணி நேரம் தாங்கும். ஒரு எச்சரிக்கை: இன்வெர்ட்டர் வந்ததும் அலுவலக அறை மின்விசிறியை அதில் இணைக்கச் சொல்லி ஒரு குரல் எழும். ஒரு மின்விசிறியே 70, 80 வாட் இழுக்கும். முதல் நாளே மறுத்துவிடுங்கள்.

5. பணமும் காகிதமும்

பணம் வரும் வழிகள்: முன்னாள் மாணவர்கள், ஊர்க்காரர்கள், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம். நிறுவனங்களின் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஜூலை, ஆகஸ்டில் கடிதம் கொடுத்தால் திட்டமிட்டுக் கொடுப்பார்கள். ஜனவரிக்குப் பிறகு மிச்சம் இருக்கும் பணத்தை அவசரமாகச் செலவழிக்கப் பார்ப்பார்கள். அப்போது கையில் தயாராகக் கோப்பு வைத்திருக்கும் பள்ளிக்குத்தான் கிடைக்கும். அதனால் கோப்பை எப்போதும் தயாராக வைத்திருங்கள்.

கோப்பில் இருக்க வேண்டியவை:

- பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தின் நகல். என்ன பொருள், எந்த அறைக்கு, யார் பொறுப்பு என்று தீர்மானத்திலேயே எழுதியிருக்க வேண்டும். 'ஸ்மார்ட் வகுப்பறை அமைக்கத் தீர்மானிக்கப்பட்டது' என்று ஒற்றை வரியில் முடித்தால் பிறகு கேள்வி வரும்.
- தலைமை ஆசிரியரின் கோரிக்கைக் கடிதம், பள்ளியின் யூ-டைஸ் எண்ணுடன் (ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ள அடையாள எண்).
- மாணவர் எண்ணிக்கை, வகுப்பு வாரியாக.
- குறைந்தது மூன்று கடைகளின் விலைப்புள்ளி. ஒரே மாடலுக்கு மூன்று விலை வாங்குங்கள். வேறு வேறு மாடலுக்கு வாங்கினால் ஒப்பிட முடியாது.
- அறையின் புகைப்படம், அளவு. காலி அறையைப் படம் எடுங்கள். பிள்ளைகள் வேண்டாம், காரணம் கீழே.
- முன்பு சொன்ன பாடப் பட்டியல்.

வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு தகவல் கடிதம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். தீர்மானத்துக்கு மாதக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டும், விலைப்புள்ளி வர ஒரு வாரமாவது ஆகும், நிறுவனம் என்றால் அவர்கள் ஒப்புதலுக்கு ஒரு காலாண்டுகூடப் போகும். ஜூனில் ஆரம்பித்தால் இரண்டாம் பருவத்துக்குத் தயாராகலாம் என்று கணக்கு வையுங்கள்.

ரொக்கமாகக் கையில் வாங்கவே வாங்காதீர்கள். நன்கொடையாளர் நேரடியாகக் கடைக்குக் கட்டட்டும், அல்லது பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்குக்கு வரட்டும். உங்கள் சொந்தக் கைப்பேசியில் ஜிபே வழியாக ஊர்க்காரர் ஐந்நூறு ரூபாய் அனுப்பினாலும் திருப்பி அனுப்பிவிட்டுக் கணக்கு எண்ணைக் கொடுங்கள்.

ரசீது யார் பெயரில் என்பது இன்னொரு பொறி. தங்கள் கணக்குக்காகத் தங்கள் பெயரில் பில் வேண்டும் என்று நிறுவனம் சொல்லும். சொல்லட்டும், ஆனால் பொருளின் வரிசை எண்ணுடன் பள்ளிக்குக் கொடையாக அளித்ததாக ஒரு கடிதமும் பில் நகலும் வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் பழுது பார்க்க அழைத்தால், "பில் பெயர்காரர் பேசட்டும்" என்பார்கள்.

6. செலவு, தோராயமாக

கடைக்குக் கடை மாறும், தள்ளுபடிக் காலத்தில் குறையும். 55 அங்குல டிவி 35,000 முதல் 50,000 ரூபாய். நல்ல புரொஜெக்டரும் கிட்டத்தட்ட அதே. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. கோரிக்கையில் எழுத மறப்பது மற்றவை: சுவர் பிராக்கெட்டும் மாட்டுக்கூலியும் 2,000 வரை, பத்து மீட்டர் எச்.டி.எம்.ஐ. கேபிள் 1,000 சொச்சம், ஒலிபெருக்கி 3,000, வயரிங்கும் எர்த்தும் 5,000 முதல் 10,000, இன்வெர்ட்டரும் பேட்டரியும் 20,000 சுமார், பூட்டுடன் கூடிய பெட்டி 4,000. திரையின் விலையில் பாதிக்கு மேல் இந்தச் சில்லறைகளே வந்துவிடும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கோரிக்கையாகக் கேளுங்கள். டிவி கொடுத்தவரிடம் மறுபடி போய் கேபிளுக்குக் காசு கேட்பது சங்கடம்.

ஒலிபெருக்கியை ஆடம்பரம் என்று வெட்டாதீர்கள். மூன்று மின்விசிறி சுற்றும் அறையில் டிவியின் சொந்த ஒலி மூன்றாம் வரிசையைத் தாண்டாது.

7. பொருள் வரும் நாள்

பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். வரிசை எண்ணைப் பில்லோடு ஒப்பிட்டு, இருப்புப் பதிவேட்டில் அன்றே ஏற்றுங்கள். வாரண்டி அட்டையைப் படியுங்கள். வீட்டு உபயோக டிவிகளில் பல, வீடல்லாத இடத்தில் மாட்டினால் வாரண்டியைக் குறைக்கும் அல்லது மறுக்கும். வாங்கும் முன்பே கடைக்காரரிடம் பள்ளிக்கு என்று சொல்லி, வாரண்டி உண்டு என்று பில்லிலேயே எழுதி வாங்குவது உத்தமம். திரையின் கீழ்விளிம்பு, உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலைக்குச் சற்று மேலே இருக்கட்டும். சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினால் வெளிச்சம் கண்ணாடி போலத் திருப்பி அடிக்கும். பக்கச் சுவரைத் தேர்ந்தெடுங்கள்.

8. பாடவேளையில் எப்படி

ஒரு பாடவேளையில் திரை எரிவது பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டியதில்லை. ஒரு உதாரணத்தை முழுதாகச் சொல்கிறேன்.

ஆறாம் வகுப்பு மின்னியல். முதலில் டார்ச் செல், ஒயர், சின்ன பல்பு. பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து எரிய வைக்கட்டும், இதற்குத் திரை வேண்டாம். பிறகு ஒரே சுற்றில் இரண்டு பல்பைத் தொடராக இணைப்பதாகச் சொல்லிக் கேளுங்கள்: "செல்லுக்குப் பக்கத்தில் இருக்கிற பல்பு அதிகமாக எரியுமா, அடுத்ததா, இரண்டும் சமமா?" பாதி வகுப்பு முதல் பல்புக்குத்தான் கை தூக்கும். "முதல் பல்பு கரண்டை எடுத்துக்கும் டீச்சர், மிச்சம்தான் அடுத்ததுக்குப் போகும்" என்பார்கள். எத்தனை கை என்று பலகையில் எழுதுங்கள். இப்போது நிஜப் பல்பை வைத்துச் செய்தால் ஒரு தொல்லை: பெட்டிக்கடை பல்புகள் ஒன்றுபோல் இருக்காது, ஒன்று மங்கலாக எரிந்து தப்பான பதிலை மெய்ப்பித்துவிடும்.

திரைக்கு வேலை இங்கே வருகிறது. அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' செயல்விளக்கங்கள் இலவசம். ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே பிரவுசரில் ஓடும். அதில் நேர்திசை மின்னோட்டச் (டி.சி.) சுற்றுக்கான ஒன்றைத் திறந்து ஒரு செல், இரண்டு பல்பு இணையுங்கள். இரண்டும் சமமாக எரியும். எலக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாகப் பல்புக்கு முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் நகரும். "எங்கேயாவது புள்ளி குறையுதா, எண்ணிப் பாருங்க." இதைக் கரும்பலகையால் காட்ட முடியாது. நிஜப் புள்ளிகள் இவ்வளவு பெரிதல்ல, நிறமும் கிடையாது என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

பிறகு திரையை அணையுங்கள். முன்பு பலகையில் எழுதிய எண்ணுக்குத் திரும்பி, மாற்றிச் சொல்ல விரும்புகிறவர்கள் காரணத்தோடு நோட்டில் எழுதட்டும்.

ஒரு பொறி: அந்தச் செயல்விளக்கத்தில் குறுக்குச்சுற்று ஏற்படுத்தினால் செல் தீப்பிடித்து எரியும். ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் மொத்த வகுப்பும் தீ வைப்பதிலேயே இருக்கும். நீங்களே ஒரு முறை காட்டி, வீட்டு வயரிங் பற்றி இரண்டு வார்த்தை பேசி, ஆசையைத் தீர்த்துவிடுங்கள்.

பவர்பாயிண்ட் ஓடும்போது விசைப்பலகையில் ஆங்கில எழுத்து 'பி'யை அழுத்தினால் திரை கருப்பாகும், மறுபடி அழுத்தினால் திரும்பும். புரொஜெக்டர் ரிமோட்டிலும் மறைக்கும் பொத்தான் உண்டு. பிள்ளைகள் உங்களைப் பார்க்க வேண்டிய நேரத்தில் திரை எரியக் கூடாது.

9. இணையத்தை நம்பாதீர்கள்

பாடப் புத்தகத்தின் கியூஆர் குறியீட்டை வகுப்பில் வைத்து ஸ்கேன் செய்து, வட்டம் சுற்றுவதை முப்பது பிள்ளைகளோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். தீக்‌ஷா செயலியில் முந்தின இரவே தரவிறக்கி வையுங்கள். முழுதாகப் பார்த்தும் வையுங்கள். சிலவற்றில் ஒருவர் புத்தகத்தை அப்படியே வாசிப்பதுதான் இருக்கும், அதற்கு நீங்களே போதும்.

யூடியூபை நேரடியாக ஓடவிட்டால் பாடத்துக்கு நடுவே வேண்டாத விளம்பரம் வரும், முடிந்ததும் தானாக அடுத்த வீடியோ தாவும். ஆட்டோபிளேயை நிறுத்துங்கள். வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து வைத்த மடிக்கணினியைத் திரையில் இணைக்காதீர்கள். உங்கள் வீட்டுச் செய்தி வகுப்புக்கே தெரியும்.

பழைய வினாத்தாள்கள் வானவில், பாமினி எழுத்துருவில் இருந்தால் வேறு கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிப் பி.டி.எஃப். ஆக வைத்துக்கொள்ளுங்கள்.

10. பிள்ளைகளின் படமும் பெயரும்

நன்கொடையாளர் புகைப்படம் கேட்பார். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லாரையும் குழந்தை என்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், முகம் தெரியாமல் பின்னாலிருந்து திரையையும் தலைகளையும் எடுத்தால் யாருக்கும் வருத்தம் இல்லை. முகம் தெரிய வேண்டுமென்றால் பெற்றோரிடம் எழுத்தில் கையொப்பம் வாங்குங்கள்.

பிள்ளைகள் கணக்குத் தொடங்கி உள்நுழைய வேண்டிய எந்தச் செயலியையும் தவிருங்கள். வினாடி வினாவுக்குப் பிளிக்கர்ஸ் அட்டைகள் நன்றாக வேலை செய்கின்றன: பிள்ளை கையில் காகித அட்டை மட்டும், எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுதான் விடை, உங்கள் கைப்பேசி கேமரா வாசித்துக்கொள்ளும். ஒவ்வொரு அட்டையும் வேறு வடிவம் என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுத முடியாது. பெயருக்குப் பதில் வரிசை எண்ணை ஏற்றுங்கள். பளபளப்பான லேமினேஷன் போட்டால் வெளிச்சம் பட்டுக் கேமரா திணறும், சாதாரண அட்டையே போதும்.

11. விடுமுறையும் இடமாறுதலும்

மழைக்காலத்தில் மாலை கிளம்பும்போது பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் இடிக்குப் போதாது. கோடை விடுமுறைக்கு முன் மடிக்கணினி, ரிமோட், கேபிள் எல்லாம் இரும்பு பீரோவுக்குள் போகட்டும். வெளியே விட்ட கேபிளை எலி விட்டு வைக்காது. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் பார்க்க ஒரு ஆளையும், இரண்டு மாதத்துக்கு ஒரு தேதியையும் மேலாண்மைக் குழுப் பதிவேட்டில் எழுதுங்கள்.

கலந்தாய்வில் இடமாறுதல் கிடைத்தால், கிளம்பும் முன் ஒரு தாளில் மடிக்கணினியின் கடவுச்சொல், வாரண்டி முடியும் தேதி, எலக்ட்ரீஷியன் எண், எந்தப் பாடத்துக்கு எந்தக் கோப்பு என்று எழுதிப் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலோடு இணைத்து, தலைமை ஆசிரியரிடம் கையொப்பம் பெறுங்கள். உங்கள் சொந்த ஜிமெயில் கணக்கில் டிவியைத் திறந்திருந்தால் அதிலிருந்து வெளியேறிவிட்டுப் போங்கள்.